குற்றாலத்து அருவிக் காவலும் பெண்களுக்கென வகுக்கப்பட்ட பணிகளும்

தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கிக் குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில், பேரருவியின் அடியில் ஆண்கள் குளிப்பதற்கு ஓர் இடமும் பெண்கள் குளிப்பதற்கு வேறோர் இடமுமாகப் பிரித்துவைக்கும் வழக்கம் நெடுநாளாக நிலைத்திருக்கிறது. பெண்கள் குளிக்கும் பகுதியிலும் அவர்கள் உடை மாற்றும் அறைகளின் வாயிலிலும் நிற்கும் பொறுப்பு, சீசன் காலப் பாதுகாப்பில், பெண் காவலர்களுக்கே உரியதாகிறது. ஒரு பாலினத்தவர் மட்டுமே ஏற்கத்தக்கது என்று சட்டத்தாலோ பணி விதியாலோ வெறும் வழக்கத்தாலோ வரையறுக்கப்பட்ட இத்தகைய வேலையை ஒருபாற் பணி எனலாம். தென்காசி வட்டாரத்தில் இம்மூன்று வகையும் உண்டு: கைதான பெண்ணைச் சோதனையிடுவது சட்டம் வகுத்த ஒருபாற் பணி, பெண்கள் துறையில் அருவிக் காவல் நிற்பது நிருவாக ஏற்பாட்டால் அமைந்தது, ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர்ப் பகுதிகளின் வீட்டுத் திண்ணைகளில் நடக்கும் பீடி சுற்றுதலோ எந்த விதியும் சொல்லாமலே பெண்களின் தொழிலாகிப்போனது. திருநங்கையரும் திருநம்பியரும் வேலை கேட்டு விண்ணப்பித்தபோது இவ்வரையறைகள் அவர்களை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அவை எதற்காக ஏற்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்ட 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு பெண்ணைச் சோதனையிட நேர்ந்தால் அதனை மற்றொரு பெண்ணே, கண்ணியத்துக்குச் சற்றும் குறைவு நேராதபடி செய்ய வேண்டும் என்று விதித்தது. அன்று சென்னை மாகாணக் காவல் துறையில் பெண்களே இல்லை; ஆகவே அச்சட்டம் குறித்த 'மற்றொரு பெண்' காவலராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. குற்றாலத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அந்தச் சமஸ்தானத்தில் 1930களிலேயே பெண்கள் காவல் பணியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பதால், மலைக்கு அப்பால் தோன்றிய வழக்கம் இப்பக்கம் வந்துசேர நாற்பது ஆண்டுகள் பிடித்தன எனலாம். தமிழ்நாட்டில் 1973இல்தான் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் என்ற சிறு அணியாகப் பெண்கள் காவல் துறையில் நுழைந்தனர். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அதன் வழியில் பிற்காலத்தில் தென்காசியிலும் ஒன்று அமைந்தது. சூரியன் மறைந்தபின் ஒரு பெண்ணைக் கைது செய்வது பெண் அதிகாரியால் மட்டுமே, அதுவும் தவிர்க்க இயலாத நிலையில் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியுடன் மட்டுமே நிகழலாம் என்ற திருத்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தபோது, பெண் காவலரின் தேவை மேலும் கூடியது.

இவ்விதிகள் அனைத்திலும் ஒரு பொது இயல்பைக் காணலாம். அவை வழங்கும் உரிமை சோதனைக்கு உள்ளாகும் பெண்ணுக்கும், கைதாகும் பெண்ணுக்கும், அருவியில் நனைந்து நிற்கும் பெண்ணுக்கும் உரியதேயன்றிப் பணியில் இருப்பவருக்கு உரியதன்று. பணியாளரின் பாலினம் அந்த உரிமையைக் காப்பதற்குரிய கருவியாகவே அங்கு வருகிறது. ஆனால் ஆட்சேர்ப்பு அறிவிப்புகளாக மாறியபோது இந்த நோக்கம் மறைந்து, விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே எஞ்சின. எந்த வேலைக்கு, எந்த நேரத்தில், யாருடைய மானத்தைக் காப்பதற்காகப் பெண் தேவைப்படுகிறார் என்ற கேள்வி கைவிடப்பட்டு, விண்ணப்பிப்பவரின் உடல் எத்தகையது என்ற கேள்வி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பிற்கால வழக்குகள் பலவற்றுக்கும் வேர் இந்த இடமாற்றமே.

பெண்களைக் காப்பதாகச் சொல்லி அவர்களை வேலையிலிருந்தே விலக்கிய விதிகளும் இருந்தன என்பதை இங்கு மறக்கலாகாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவும், 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 25ஆம் பிரிவும் மாலை 7 மணிக்குப் பிறகு காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு அமர்த்தலாகாது என்றன. தொழிற்கூடத்துக்குத்தான் இந்தத் தடை. இலையும் தூளும் வாங்கிவந்து வீட்டில் பீடி சுற்றும் தென்காசிப் பெண்கள் விளக்கொளியில் எவ்வளவு நேரம் குனிந்திருந்தாலும் அதனைக் கேட்பாரில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் இரவு நேரத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் வசந்தா வழக்கில் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. மதுக்கூடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டப் பிரிவை 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு என்ற பெயரால் ஒரு பாலினத்தவரின் வாய்ப்பைப் பறிக்கும் சட்டம் பழைய மனப்பதிவுகளில் ஊன்றி நிற்கிறதா என்பதைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்ற நெறியை நிறுவியது. ஒருபாற் பணியைப் பற்றி இந்திய நீதிமன்றங்கள் கூறியவற்றுள் இதுவே மிகவும் பயனுள்ளது.

அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு, அரசுப் பணியில் பாலினத்தைக் காரணமாக்கிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. 15ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு பெண்களுக்கென்று தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கிறது. 1989இல் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டதற்கு இதுவே அடிப்படை. வரலாற்று அநீதியைச் சரிசெய்யும் இந்த ஒதுக்கீடும், வேலையின் தன்மை கருதிப் பெண்ணையே நியமிக்கும் ஒருபாற் பணியும் நோக்கத்தில் வேறானவை. எனினும் இரண்டும் ஒரே படிவத்தின் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டதால், திருநங்கை ஒருவர் அக்கட்டத்தின் முன் நின்றபோது அவருக்கு எதனை எதற்காக மறுக்கிறோம் என்பதை அதிகாரிகளால் தெளிவாகச் சொல்ல இயலவில்லை.

தமிழ்நாடு 2008ஆம் ஆண்டிலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்து இந்தியாவுக்கு முன்னோடியாக விளங்கிய மாநிலம். ஆனால் நலத்திட்டம் வேறு, வேலை வேறு. 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமை உடையவர் என்றும், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். நாகமுத்து வழங்கிய தீர்ப்பு இந்த வரலாற்றுக்கு இன்னும் நெருக்கமானது. பெண்ணாகப் பிறப்புப் பதிவு பெற்று, பெண்ணாகவே வளர்ந்து, கரூர் மாவட்டத்தில் இரண்டாம் நிலைப் பெண் காவலராகத் தேர்வான ஒருவர், மருத்துவப் பரிசோதனை அவரைப் பெண்ணல்லர் என்று குறித்த ஒரே காரணத்தால் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். உடற்கூற்றுப் பரிசோதனை ஒன்றை மட்டும் கொண்டு ஒருவரின் பாலினத்தை அவர்மீது சுமத்துவது, உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என்று கண்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. காவலராக அவர் ஆற்ற வேண்டிய கடமைகளில் எதனை அவரால் ஆற்ற முடியாது என்று எவரும் காட்டவில்லை என்பதே அவ்வழக்கில் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

அடுத்த ஆண்டில் கி. பிரித்திகா யாசினியின் வழக்கு வந்தது. உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம், அவருக்குரிய கட்டம் படிவத்தில் இல்லை என்பதால் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமத்தால் முதலில் ஏற்கப்படவில்லை. எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, நேர்காணல் என்று ஒவ்வொரு படியிலும் அவர் நீதிமன்ற ஆணையின் துணையோடுதான் கால்வைக்க முடிந்தது. 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடியளவான வேறுபாடு அவருக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா ஆகியோரின் அமர்வு, 2015 நவம்பரில், அவர் நியமனத்துக்கு உரியவர் என்று கூறியதோடு, அடுத்த ஆட்சேர்ப்பிலிருந்து திருநங்கையரை மூன்றாம் பிரிவாகச் சேர்க்க வேண்டும் என்றும் பணித்தது. 2017 ஏப்ரலில் அவர் தருமபுரி மாவட்டத்தில் பொறுப்பேற்றார். ஒருவர் பணியில் சேர்வதற்குத் தனித்தனியாக இத்தனை ஆணைகள் தேவைப்பட்டன என்பது அவருடைய மனவுறுதிக்குச் சான்று. விதி எழுதும் பொறுப்பிலிருந்தவர்கள் அதனை எழுதாமலே விட்டதற்கும் அதுவே சான்று.

விதி வந்தது, ஆனால் முரண்பாடுகளோடு வந்தது. 2015 ஏப்ரலில் வெளியான அரசாணை எண் 28 திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அதனால் பாலின அடையாளம் சாதிக்குரிய இடத்தில் வைக்கப்பட்டது. 2017 டிசம்பர் 22 நாளிட்ட அரசாணை, பெண் என்று தம்மை அடையாளப்படுத்துவோர் பெண்களுக்கான 30 விழுக்காட்டிலும் பொதுவான 70 விழுக்காட்டிலும் கருதப்படுவர் என்றும், ஆண் என்றோ மூன்றாம் பாலினத்தவர் என்றோ கூறுவோர் 70 விழுக்காட்டில் மட்டும் கருதப்படுவர் என்றும் வகுத்தது. இதன்படி திருநம்பி ஒருவருக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை. 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு அரசாணையை ரத்து செய்து, எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் குறுக்காகச் செல்லும் ஒதுக்கீட்டை, அதாவது கிடைமட்ட ஒதுக்கீட்டை, வழங்க வேண்டும் என்றது.

தென்காசிக்குக் கிழக்கே தூத்துக்குடி மாவட்டத்துத் திருச்செந்தூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஷானவி பொன்னுசாமியின் வழக்கு, ஒருபாற் பணி என்பதன் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வு பெறாத அவர், அப்பணி பெண்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டிருந்ததைச் சுட்டி 2017இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உணவுத் தட்டு ஏந்துவதும் ஆபத்து நேரத்தில் பயணிகளை வெளியேற்றுவதும் எவருடைய உடல் மறைவையும் தொடாத வேலைகள். அங்குப் பாலின வரையறை, பீடித் தொழிலில் போல, வழக்கத்தினால் மட்டுமே நிற்கிறது. அருவிக் காவலுக்குச் சொல்லத்தக்க நியாயம் அதற்கு இல்லை. 2022 செப்டம்பரில் நீதிமன்றம், மாற்றுப் பாலினத்தவரின் வேலைவாய்ப்புக்கான கொள்கைச் சட்டகத்தை உருவாக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

சோதனையிடும் கடமை என்ற கடினமான கேள்வியை நேராக எதிர்கொண்டது பிரிட்டன். பெண்ணாக மாறிய ஒருவர் மேற்கு யார்க்ஷயர் காவல் துறையில் சேர விண்ணப்பித்தபோது, பெண்ணைப் பெண்ணே சோதனையிட வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி அவர் மறுக்கப்பட்டார். 2004இல், அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவை அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, தோற்றத்தில் பிற பெண்களிடமிருந்து வேறுபடுத்த இயலாதவராக அவர் இருப்பது அத்தீர்ப்பில் எடைபோட்டது. உடலை அளக்கும் இந்த அளவுகோலைவிடக் கரூர் வழக்கின் நெறி மேலானது என்பதில் ஐயமில்லை. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பணியின் தன்மை உண்மையாகவே வேண்டுமிடத்தில் மட்டும் பாலின வரையறைக்கு இடம் தந்து, அத்தேவையை மெய்ப்பிக்கும் சுமையை வேலை தருபவர்மீது வைத்தது. 2025 ஏப்ரலிலோ அச்சட்டத்தில் பெண் என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் கூறியதால் நிலைமை மீண்டும் இறுகியது.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மாற்றுப் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆட்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. பிரிட்டனில் உள்ளது போன்ற பணித்தன்மை விலக்கு எதையும் அதில் எழுதவில்லை. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பாலினம் என்பதற்கான விளக்கத்தில் மாற்றுப் பாலினத்தவரையும் சேர்த்துக்கொண்டது. அதனோடு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49ஆம் பிரிவோ, 1898இன் வாசகத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, பெண்ணை மற்றொரு பெண் சோதனையிட வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. கைதான திருநங்கையை யார் சோதனையிடுவது, திருநங்கையான காவல் அதிகாரி யாரைச் சோதனையிடலாம் என்ற இரண்டு கேள்விகளும் அதில் இல்லை. சிறைகளுக்கென்று உள்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் அனுப்பிய அறிவுரை, சோதனைக்கு உள்ளாகும் மாற்றுப் பாலினத்தவர் விரும்பும் பாலினத்தவரையோ பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரையோ கொண்டு அதனைச் செய்யுமாறு கூறுகிறது. உரிமை யாருக்குரியதோ அவருடைய விருப்பத்திலிருந்து தொடங்கும் இந்த முறையைக் காவல் நிலையங்களுக்கும், சீசன் காலப் பாதுகாப்புப் பணிக்கும் உரிய எழுத்து விதியாக்குவது மாநில அரசின் கையில் உள்ளது.