சேனக பிபிலேயும் மருந்துப் பட்டியலும்

காய்ச்சலுக்குப் பனடோல் குடிக்கும் ஒருவர், தடிமனுக்கென்று வேறு பெயரில் இன்னொரு மாத்திரையும் வாங்குகிறார். இரண்டிலும் இருப்பது பரசிற்றமோல் என்பது அவருக்குத் தெரியாது. பெயர் இரண்டு, மருந்து ஒன்று. அளவு மீறினால் பாதிக்கப்படுவது அவருடைய ஈரல். கடையிலே நடக்கும் இதே தவறு வைத்தியசாலையிலும் நடக்கலாம். அதற்கு யாரும் கவலையீனமாக இருக்க வேண்டியதில்லை. நினைவில் வைக்க முடியாத அளவுக்கு மருந்துப் பெயர்கள் இருந்தாலே போதும்.

இலங்கையில் இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் சேனக பிபிலே (1920-1977). எடின்பரோவில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய இவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். அரச வைத்தியசாலைகளில் எந்த மருந்துகளைப் பயன்படுத்துவது, எந்த அளவில் கொடுப்பது என்று வழிகாட்டும் கையேட்டை உருவாக்குவதில் இவருடைய பங்கு பெரியது. பயன் நிரூபிக்கப்பட்ட மருந்துகளைத் தெரிவு செய்வது, ஒரே வேலையைச் செய்யும் பல மருந்துகளில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்வது, வர்த்தகப் பெயரை விட்டுப் பொதுப் பெயரால் எழுதுவது ஆகியவையே இதன் அடிப்படை.

ஆனால் தனியார் துறையில் நிலைமை வேறாக இருந்தது. ஒரே மருந்து பல கம்பனிகளின் பெயர்களில் வந்து இறங்கியது. பல வைத்தியர்களுக்குப் புதிய மருந்து பற்றிய தகவலைக் கொண்டுவந்தவர் அந்த மருந்தை விற்க வந்த பிரதிநிதிதான். விற்பவரே ஆசிரியராகவும் இருந்தால் தேவையற்ற மருந்து எழுதப்படுவதில் ஆச்சரியம் ஏது?

1971ல் பிபிலேயும், வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்து நிர்வாகம் பற்றிய ஓர் அறிக்கையைத் தயாரித்தனர். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் பிபிலே. கூட்டுத்தாபனம் உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மருந்துகளை மொத்தமாக வாங்கியது. நாட்டுக்குள் வந்த சுமார் 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன.

இந்த மாற்றத்தால் அந்நியச் செலாவணி மிச்சமானது என்றே பலரும் பேசுவார்கள். அது உண்மைதான். ஆனால் நோயாளிக்குக் கிடைத்த பயன் வேறு. மருந்துகளின் எண்ணிக்கை குறைந்தால் வைத்தியர், தாதி, மருந்தாளர் மூவரும் ஒவ்வொன்றின் அளவையும் பக்கவிளைவையும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கலாம். பொதுப் பெயரில் எழுதினால் ஒரே மருந்து இரண்டு முறை எழுதப்பட்டிருப்பது சீட்டைப் பார்த்தவுடனே தெரியும்.

எதிர்ப்பும் கிளம்பியது. மருந்துக் கம்பனிகள் எதிர்த்தன. மலிவு மருந்தின் தரம் சரியா என்று வைத்தியர்களில் ஒரு பகுதியினர் சந்தேகப்பட்டனர். அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. பட்டியலோடு தரப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் நம்பிக்கை வரும்.

1977ல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதியில் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த தனியுரிமை போனது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். ஆனால் அந்த எண்ணம் அவரோடு முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் 1977ல்தான். 1982ல் பங்களாதேஷ் இதே திசையில் தேசிய மருந்துக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டில் 1994ல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகமும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வைத்தே அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குகிறது. இலங்கையிலோ, மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்கான சட்டம் 2015ல்தான் நிறைவேறியது. பிபிலே இறந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு!

பட்டியல் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வைரஸ் தடிமனுக்கு அன்டிபயோட்டிக் எழுதும் கையை அது தடுக்காது, ஏனென்றால் அந்த அன்டிபயோட்டிக்கும் பட்டியலில் இருக்கும். இந்த நோயாளிக்கு இந்த மருந்து வேண்டுமா என்ற கேள்வியை ஒவ்வொரு சீட்டு எழுதும்போதும் வைத்தியர் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும் அளவுக்கு மருந்துகளைக் குறைத்துத் தந்ததே பிபிலே செய்த பெரும் பணி.