லித்தியம் அயனி மின்கலம்: பேராக்கில் மின்னேற்றமும் பராமரிப்பும்

லித்தியம் அயனி மின்கலம், திரும்பத் திரும்ப மின்னேற்றிப் பயன்படுத்தும் பேட்டரி வகை. 1991இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அக்கிரா யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த மின்கலம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் பெருகிய தோட்டங்களில், விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தமிழர்களுக்குக் கார்பைட் விளக்குதான் வெளிச்சம். பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. எஞ்சிய தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் தலையில் மாட்டும் விளக்கு, கைப்பேசி, பவர் பேங்க், மின் ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இந்த மின்கலம் இருக்கிறது.

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து கிராஃபைட் முனைக்கு நகர்கின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. இரு முனைகளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலமும் எளிதில் தீப்பற்றும் கரைசலும் உள்ளன. கைப்பேசி மின்கலம் நிரம்புவதற்கு ஒரு வோல்ட் வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஆபத்து. ஆகவே தரமான சார்ஜருக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவு அல்ல. மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும்.

பேராக்கின் ஈப்போவில் மின்கலத்துக்கு முதல் எதிரி வெப்பம். நிழலிலேயே பகல் வெப்பநிலை 33 பாகை செல்சியஸைத் தொடும் ஊரில், வெயிலில் நிறுத்திய காருக்குள் அது 60 பாகையை எட்டக்கூடும். பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணையின்படி, 40 பாகையில் முழுதாக நிரப்பி ஓராண்டு வைத்த மின்கலத்தில் 65 விழுக்காட்டுக் கொள்திறனே மிஞ்சுகிறது. அதே வெப்பத்தில் 40 விழுக்காடு மட்டும் நிரப்பி வைத்தால் 85 விழுக்காடு மிஞ்சும். நாள்கணக்கில் பயன்படுத்தாத விளக்கையும் பவர் பேங்கையும் பாதி நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் வைப்பதே நல்லது. அடியோடு தீரவிட்டு மாதக்கணக்கில் கிடத்தினாலும் கெடும்.

மோட்டார் சைக்கிளில் வழிகாட்டியாக மாட்டி வெயிலில் சூடேறிய கைப்பேசியை, ஆறிய பிறகே சார்ஜ் செய்ய வேண்டும். 45 பாகைக்கு மேல் மின்னேற்றம் கூடாது. மெத்தை, தலையணைமேல் வைத்துச் சார்ஜ் செய்தால் வெப்பம் வெளியேறாது. தோட்டங்களின் பழைய லயத்து வீடுகளில் ஒரே நீட்டிப்புப் பலகையில் பல சார்ஜர்களைச் செருகும் வழக்கம் உண்டு. மின் ஸ்கூட்டரை அதில் சேர்க்கவே கூடாது. அதை எல்லாரும் உறங்கும் நேரத்தில், வாசலை மறித்து நிறுத்திச் சார்ஜ் செய்வது உயிருக்கே கேடு: தீப்பிடித்தால் தப்பும் வழி அடைபடும்.

உப்பிய மின்கலத்தைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது. பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். உள்ளே படலம் கிழிந்தால் வெப்பம் தானே பெருகி, பக்கத்து மின்கலங்களுக்கும் பரவும். வரும் புகை நச்சுத்தன்மை கொண்டது. தீ எழுந்தால் வெளியேறி 999ஐ அழைக்க வேண்டும். சிறு கருவி என்றால், மின் இணைப்பைப் பாதுகாப்பாகத் துண்டித்தபின் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். இதில் உலோக லித்தியம் இல்லை என்பதால் தண்ணீருக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டுக் குப்பையைக் கொல்லையில் கொளுத்தும் பழக்கம் இங்கே பெரும் ஆபத்து. தீயில் விழுந்த மின்கலம் வெடிக்கும். லித்தியம் கொண்ட மின்கலக் கழிவை மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிமுறைகள் எஸ்டபிள்யூ 103 என்ற குறியீட்டில் சேர்த்துள்ளன. பழைய மின்கலத்தின் முனைகளில் நாடா ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.