பேராசிரியர் அமைச்சரானார்

1977-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்பெயின் நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் ஒரு புதிய அமைச்சரைக் கண்டனர். அவர் எந்தக் கட்சியின் தலைவரும் அல்லர். கல்லூரி மாணவர்களுக்குப் பொதுநிதி இயல் கற்பித்து வந்த பேராசிரியர். நாட்டின் வரவு செலவு எந்த நிலையில் உள்ளது என்பதை ஒளிவுமறைவின்றி எளிய மொழியில் எடுத்துரைத்தார். அவரே என்ரிக்கே புவெந்தெஸ் கிந்தானா.

1924-இல் காஸ்டில் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், 1959-இல் ஸ்பெயினின் வர்த்தகத்தை உலகுக்குத் திறந்துவிட்ட திட்டத்தில் பங்கு கொண்ட பொருளாதார அறிஞர்களுள் ஒருவர். சர்வாதிகாரி பிராங்கோவின் இறுதிக் காலத்தில் அவர் வகுத்த வரிச் சீர்திருத்தம் கிடப்பில் போடப்பட்டது. செல்வர் மீது வரி விதிக்க அவ்வாட்சிக்கு மனமில்லை என்பதே நம் கருத்து.

1975 நவம்பரில் பிராங்கோ மறைந்தார். 1977 ஜூன் 15-ஆம் தேதி, 41 ஆண்டுகளுக்குப் பின் சுதந்திரமான தேர்தல் நடந்தது. பிரதமர் சுவாரெஸ் பேராசிரியரைத் துணைப் பிரதமராகவும் பொருளாதார அமைச்சராகவும் அமர்த்தினார். அப்போது கஜானாவின் நிலை கவலைக்கிடம். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது முந்தைய அரசு அச்சுமையை மக்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. அந்த 1977-இல் விலைவாசி 26 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. 1930-களின் குடியரசு பொருளாதார நெருக்கடியினூடே குலைந்ததை அவர் மறக்கவில்லை. முதலில் பெசெட்டா நாணயத்தின் மதிப்பைச் சுமார் 20 சதவிகிதம் குறைத்தார்.

அடுத்து வந்ததே கடினமான பகுதி. சம்பளம் வாங்கும் நமக்குப் பஞ்சப்படியின் கணக்குத் தெரியும்: சென்ற மாதங்களின் விலை ஏற்றத்தைப் பார்த்து இன்று படி உயரும். ஸ்பெயினிலும் கூலி அவ்வாறே சென்ற ஆண்டின் விலையைத் துரத்திற்று. விலை மீண்டும் கூலியைத் துரத்திற்று. இனி வரப்போகும் ஆண்டில் எதிர்பார்க்கும் விலை ஏற்றத்தை, அதாவது 22 சதவிகிதத்தை, அளவாகக் கொள்வோம் என்றார் அவர். தொழிலாளி இதற்கு ஏன் இணங்க வேண்டும்? ஈடாக வருமான வரிச் சீர்திருத்தம், சொத்து வரி, சமூகக் காப்புச் செலவு ஆகியன உறுதியளிக்கப்பட்டன. கிடப்பில் கிடந்த திட்டம் இப்போது உயிர் பெற்றது.

அக்டோபர் 25-ஆம் தேதி மாட்ரிடில் மொன்கிளோவா மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிராங்கோவின் அமைச்சராயிருந்த பிராகாவும், பல்லாண்டு நாடு கடந்து வாழ்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் கரில்யோவும் ஒரே பொருளாதார உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். (அரசியல் சீர்திருத்தங்கள் குறித்த மற்றோர் உடன்படிக்கையில் பிராகா கையொப்பமிடவில்லை.)

1978-இல் விலை ஏற்றம் சுமார் 16.5 சதவிகிதமாகத் தணிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மக்கள் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றனர். எனினும் வேலையின்மை ஏறிக்கொண்டேயிருந்தது. அதை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை.

அரசியல் சட்டம் நிறைவேறியபோது பேராசிரியர் பதவியில் இல்லை. சக அமைச்சர்களுடன் கருத்து வேற்றுமை முற்றி, 1978 பிப்ரவரியிலேயே விலகியிருந்தார். பதவியில் இருந்தது எட்டு மாதமே. பின்னர் ஆய்வுக்குத் திரும்பி, ஸ்பெயின் பொருளாதார அறிஞர்களின் வரலாற்றைப் பல தொகுதிகளாகப் பதிப்பித்தார். 2007-இல் மாட்ரிடில் காலமானார்.