அசையாத கையும் குனிந்த முதுகும்: இந்திய உழைப்பின் கருப்பு வெள்ளைப் படங்கள்

உழைப்பவரைப் படமெடுப்பது வேறு. உழைப்பைப் படமெடுப்பது வேறு. இந்திய ஒளிப்பட வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு நெடியது. அதை அளக்கப் படங்களோடு அவற்றின் கீழுள்ள குறிப்புகளையும் வாசிக்க வேண்டும்.

'இந்திய மக்கள்' என்னும் தொகுப்பு 1868 முதல் 1875 வரை இலண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த அதில் 400-க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. 1857 எழுச்சிக்குப் பின்னர், ஆளப்படும் மக்களை வகைப்படுத்தி அறிய அரசு கொண்ட விழைவே அத்தொகுப்புக்கு வடிவம் தந்தது. சாதி, குலம், தொழில் ஆகியவற்றின் பெயர்களுக்குக் கீழே மனிதர்கள் நிறுத்தப்பட்டனர். ஒரு கூட்டத்தார் நம்பத்தக்கவரா அல்லரா என்று தீர்ப்பளிக்கும் குறிப்புகளும் உடன் அச்சாயின. சிலர் கையில் கருவி உண்டு. கை மட்டும் அசைவதில்லை.

இதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். அக்காலத்து ஈரக் கொலோடியன் தகட்டில் உருவம் தெளிவாகப் பதிய, எதிரே இருப்பவர் சில நொடிகளேனும் அசையாதிருக்க வேண்டும். உழைப்போ அசைவு. எனவே வேலையை நிறுத்தினால்தான் வேலைக்காரர் படத்துக்குள் வர முடிந்தது. ஆயினும் தகட்டின் மீதே முழுப் பழியையும் சுமத்த இயலாது. அப்படக்குறிப்புகள் பெயர்ச்சொற்களால் ஆனவை. ஒருவர் என்ன செய்கிறார் என்பதைவிட, எந்த இனத்தின் மாதிரி என்பதே அங்கு வினா.

1940-களில் இந்த இலக்கணம் மாறியது. அசாமில் 1918-இல் பிறந்த சுனில் ஜானா, 1943 வங்கப் பஞ்சத்தைப் பதிவுசெய்ததன் வழியே அறியப்பட்டவர். அன்றைய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பி. சி. ஜோஷி அவரை இப்பணிக்குள் கொண்டுவந்தார்; கட்சி ஏடான 'மக்கள் போர்' படங்களை வெளியிட்டது. பின்னர் மீனவர், உழவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், எஃகாலைத் தொழிலாளர் எனப் பலரை அவர் படமெடுத்தார். தாழ்ந்த கோணத்திலிருந்து எடுக்கப்பட்ட பல படங்களில் உழைக்கும் உடல் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு ஓங்கி நிற்கிறது. சாதிப்பெயர் இருந்த இடத்தில் 'தொழிலாளி' என்ற பொதுப்பெயர் அமர்ந்தது. அது பெரிய விடுதலை; எனினும் பொதுப்பெயருக்குள் தனிமனிதர் மறைந்துபோகும் இடரும் அதில் உண்டு.

பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த படங்கள் 'காணும் வேலை, காணாத பெண்கள்' என்னும் பொருள்பட்ட தலைப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று விஜயநகரம் வயலில் எடுக்கப்பட்டது. படத்துக்காக நிலவுடைமையாளர் நிமிர்ந்து நிற்கிறார். வயலில் வேலைசெய்யும் பெண்கள் குனிந்தபடியே இருக்கிறார்கள். நூற்றாண்டுக்கு முன் கருவியோடு நிறுத்தப்பட்டவரின் படத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அங்கு கேமராவுக்காக வேலை நின்றது. இங்கு நிமிர்ந்து நிற்பது உடைமையாளருக்கு மட்டுமே வாய்த்த ஓய்வு. படத்தின் பொருள் 'குனிதல்' என்ற வினையில் இருக்கிறது. அக்காட்சி கலைக்கூடங்களுக்குள் அடைபடாமல் பேருந்து நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது என்பதும் கருதத்தக்கது.

செய்தித்தாள்கள் வண்ணமற்று அச்சான காலத்தில் கருப்பு வெள்ளை என்பது நிபந்தனை. வண்ணம் பரவிய பின்னரே அது தெரிவாயிற்று. மும்பைத் துப்புரவுத் தொழிலாளரைச் சுதாரக் ஓல்வே கருப்பு வெள்ளையில் பதிவுசெய்தபோது அத்தெரிவுக்கு அறப்பொருள் ஒன்று கூடியது. கழிவின் நிறம் விலகும்போது, பார்ப்பவரின் அருவருப்புக்குப் பிடிமானம் குறைகிறது. அதில் இறங்கியிருக்கும் மனிதர் முன்னுக்கு வருகிறார். மலம் அள்ளும் பணியில் மனிதரை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் இயற்றப்பட்ட நாட்டில், இப்படங்கள் கலைப்பொருள் என்பதற்கு முன்னர் சாட்சியம்.

சாதிப்பெயர், பொதுப்பெயர், வினை என மூன்று படிகளை இந்த வரலாறு கடந்திருக்கிறது. எஞ்சியிருப்பது இயற்பெயர். எடுத்தவர் பெயரைக் காப்பகங்கள் பேணுகின்றன. எடுக்கப்பட்டவரோ பெரும்பாலும் 'ஒரு தொழிலாளி' மட்டுமே. படத்தைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர் அந்த வெற்றிடத்தையும் தரவாகக் கொள்ள வேண்டும். அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லையா, கேட்டும் எழுதவில்லையா என்பதும் உழைப்பின் வரலாற்றைச் சேர்ந்த கேள்வியே.