டர்போ காரில் எக்ஸாஸ்ட் மாற்றப் போறீங்களா? தாணேவாசிகள் முதலில் இதைப் படியுங்கள்

தாணேயில் கோட்பந்தர் ரோடு பக்கம் குடியிருந்தால் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ரோடு காலியானதும், படபடவென்று வெடித்துக்கொண்டு போகும் சைலன்சர். தூக்கம் கெட்டவர்கள் திட்டுவார்கள். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கோ, 'நம்ம வண்டிக்கும் பண்ணிடலாமா?' என்று தோன்றும். தப்பில்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், எந்த பார்ட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகைதான் டர்போவின் ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குள் தள்ளுகிறது. புகை டர்போவைத் தாண்டி எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் டர்போ வேகம் பிடிக்கும். டர்போவை ஒட்டி வரும் முதல் குழாய்க்கு டவுன்பைப் என்று பெயர். எக்ஸாஸ்டில் உண்மையான பவர் ஒளிந்திருப்பது அங்கேதான்.

சிக்கலும் அங்கேதான். இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் மட்டுப்படுத்துவது அதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பிஎஸ்6 விதிகளை உங்கள் கார் பாஸ் செய்ததும் அதை வைத்துத்தான். அதைக் கழற்றினால் பின்னால் இருக்கும் சென்சார் கண்டுபிடித்து செக் எஞ்சின் லைட்டைப் போடும். பியூசி சோதனையிலும் மாட்டலாம்.

'அப்போ கேட்-பேக் போடுங்க பாஸ்' என்பார்கள் கடையில். அதாவது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும் மட்டும். இதில் கிடைப்பது முக்கால்வாசி சத்தம்தான். டர்போ எவ்வளவு பூஸ்ட் தர வேண்டும் என்பதை முடிவு செய்வது ஈசியூ. அதை மாற்றாமல் குழாயை மட்டும் அகலமாக்கினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. நேர்மாறாக, 'ஸ்டேஜ் 1' என்று சொல்லப்படும் ஈசியூ ரீமேப்புக்குப் பொதுவாக எந்த பார்ட்டும் மாற்ற வேண்டாம், பவர் நன்றாகவே கூடும். ஆனால் கியர்பாக்ஸ் தாங்குமா என்று பாருங்கள். வெர்டஸ் 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. அதிலுள்ள 7 ஸ்பீட் டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் வரம்பும் அதே 250 தான். வாரன்டி போவது தனிக்கதை.

இன்டேக் பக்கம் வருவோம். பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கூம்பு ஃபில்டர் பார்க்க ஜோராக இருக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் 'புஸ்ஸ்' என்ற சத்தமும் தெளிவாகக் கேட்கும். ஆனால் மாஜிவாடா சிக்னலில் இருபது நிமிடம் நின்றால், அது இழுப்பது எஞ்சினின் சூட்டுக்காற்றைத்தான். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. எஞ்சினைக் காப்பாற்ற ஈசியூ பவரைக் குறைத்துவிடும். காசு கொடுத்து மந்தமாக்கிக்கொண்ட கதை.

இதற்கு மாற்றாக, காற்றை பம்பருக்குக் கீழிருந்து இழுக்கும் இன்டேக்கை சிலர் சிபாரிசு செய்வார்கள். குளிர்ந்த காற்று கிடைப்பது நிஜம். ஆனால் ஜூலை மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டும் ஊர் நம்முடையது. அந்தக் குழாய் ஒரு வாய் தண்ணீரை இழுத்தால் போதும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், சொல்லாமல் இன்டேக் மாற்றியது கிளைமுக்குத் தடையாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2): 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். கம்பெனி கொடுத்த அசல் வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தீன் ஹாத் நாக்காவில் மடக்கினால் 'ரேஸ் டிராக்குக்காகப் போட்டது சார்' என்பது எடுபடாது.

சரி, என்னதான் பண்ணலாம்? அசல் டப்பாவுக்குள்ளேயே பொருந்தும் பேனல் ஃபில்டர் போடலாம். பவர் பெரிதாகக் கூடாது, வம்பும் இல்லை. இருக்கிற பவர் முழுதாகக் கிடைக்க நல்ல ஸ்பார்க் பிளக், நேரத்துக்கு ஆயில், கசிவில்லாத இன்டர்கூலர் ஹோஸ். சத்தம்தான் ஆசை என்றால், கம்பெனியே எக்ஸாஸ்ட்டை டியூன் செய்து விற்கும் ஐ20 என் லைன் போன்ற மாடலை வாங்குங்கள்.

ஏற்கெனவே டவுன்பைப் மாற்றிவிட்டீர்களா? கழற்றிய பழைய கன்வெர்ட்டரைக் கையோடு கேட்டு வாங்கி வையுங்கள். 'பழசு எதுக்கு சார், நாங்களே போட்டுடறோம்' என்பார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. ஸ்கிராப் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. வண்டியை விற்கும் நாளிலோ, பியூசி எடுக்கும் நாளிலோ திரும்ப மாட்ட உங்களுக்கும் அதுதான் தேவைப்படும்.