பெருந்தொற்றுக் காலத்தில் குருத்தணு மாற்று சிகிச்சை பெற்றவர்கள்

இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்குக் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்று சிகிச்சை அளிக்கப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இது 1986 முதல் நடைபெறுகிறது. சிகிச்சை முடிந்து போடிநாயக்கனூருக்கும் ஏலமலைச் சரிவுகளுக்கும் திரும்புவோர், சுவாச வைரஸ் பரவும் காலத்தில் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

ஆபத்து ஏன் அதிகம்?

சிகிச்சைக்கு முன் தரப்படும் தீவிர மருந்துகள் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கின்றன. புதிய நோய் எதிர்ப்பாற்றல் முழுமையாக உருவாகப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கொடையாளியின் குருத்தணுக்களைப் பெற்றவர்கள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளையும் உட்கொள்வதால் ஆபத்து மேலும் கூடுகிறது.

கோவிட்-19 உணர்த்தியது

தடுப்பூசி வருவதற்கு முன், 2020-இல் கோவிட் தொற்றிய 318 குருத்தணு மாற்று நோயாளிகளின் விவரங்கள் பன்னாட்டுப் பதிவேடு ஒன்றில் ஆராயப்பட்டன. நோய் கண்டறியப்பட்ட 30 நாட்களுக்குப் பின் உயிர் பிழைத்திருந்தோர் ஏறத்தாழ மூன்றில் இருவர். கொடையாளியின் குருத்தணுக்களைப் பெற்றவர்களில், 50 வயதைக் கடந்தோருக்கும் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் தொற்று ஏற்பட்டோருக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. தடுப்பூசிகளும் வைரஸ் எதிர்ப்பு மருந்துகளும் கிடைத்த பின் நிலைமை மேம்பட்டது. எனினும் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• நோயாளியைத் தொற்று பெரும்பாலும் வீட்டினர் வழியாகவே அடைகிறது. தோட்ட வேலைக்கு நெரிசலான ஜீப்பில் சென்று வருவோர் பயணத்தின்போது முகக்கவசம் அணிய வேண்டும். வீடு திரும்பியதும் சோப்பினால் கை கழுவிய பின்னரே நோயாளியை அணுக வேண்டும்.
• சளி, இருமல் உள்ளவர் தனி அறையில் இருக்க வேண்டும். தனி அறை இல்லாத வீடுகளில் சன்னல்களைத் திறந்து வைத்து, இருவரும் முகக்கவசம் அணிய வேண்டும்.
• மண், எரு, புகை, ஏலக்காய் உலர்த்தும் இடத்தின் தூசி ஆகியவற்றிலிருந்து நோயாளி விலகியிருக்க வேண்டும். மண், எரு, தூசி ஆகியவற்றிலுள்ள பூஞ்சையும் புகையும் நுரையீரலைப் பாதிக்கலாம்.
• 2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஊரடங்கில் பயணங்கள் தடைபட்டன. எனவே சில வாரங்களுக்குத் தேவையான மருந்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

தடுப்பூசி

முன்பு போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பு இச்சிகிச்சைக்குப் பின் குறைந்துவிடுகிறது. ஆகவே அவற்றை மீண்டும் தொடங்க வேண்டும். பல தடுப்பூசிகளைச் சில மாதங்களிலேயே தொடங்கலாம். உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளைப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை போடக்கூடாது. கால அட்டவணையைச் சிகிச்சை அளித்த மருத்துவரே முடிவு செய்வார். வீட்டிலுள்ள அனைவரும் தத்தம் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துகளில் கவனம்

எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. கோவிட் மருந்தான நிர்மட்ரெல்விர்–ரிட்டோனவிர், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் அபாயகரமாக உயர்த்தும். மூலிகைக் குடிநீர் உட்பட எதையும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், மிகுந்த சோர்வு. ஸ்டீராய்டு உட்கொள்வோருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். ஆகவே காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை அளித்த மருத்துவமனையைத் தொலைபேசியில் தொடர்பு கொள்ளவும். மூச்சுத்திணறல் இருந்தால் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். பொது ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். எங்கு சென்றாலும் சிகிச்சைச் சுருக்கத்தையும் மருந்துப் பட்டியலையும் உடன் எடுத்துச் செல்லவும்.