டர்போ காருக்கு ‘ஆயில் கேட்ச் கேன்’ அவசியமா? மாட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

சர்வீஸுக்கு விட்ட டர்போ காரின் இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால் உள்ளே ஆயில் பிசுபிசுப்பு. “டர்போ போச்சா?” என்று பதறிப் போய் கேட்டால், “ஒரு கேட்ச் கேன் மாட்டிட்டா சரியாகிடும்” என்று யாராவது ஒருவர் சொல்வார். ஆன்லைனில் கிடைக்கும் அந்தச் சின்ன அலுமினிய டப்பா உண்மையில் என்ன செய்கிறது? எல்லா டர்போ காருக்கும் தேவையா? தப்பாக மாட்டினால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

எஞ்சினுக்குள் கசியும் வாயு

பிஸ்டனைச் சுற்றி ரிங் இருந்தாலும், சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் அந்த இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இது நடக்கும். இதற்குப் பெயர்தான் ‘புளோ-பை’. எரியாத பெட்ரோல், நீராவி, புகை எல்லாம் இதில் இருக்கும். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் கிராங்க்கேஸ் பகுதியில் இது ஆயில் துளிகளோடு கலந்துவிடுகிறது. வெளியேற வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும். எஞ்சின் ஆயிலும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

அந்தக் காலத்து கார்களில் ஒரு குழாய் வழியாக இதை அப்படியே ரோட்டில் விட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியபோது, இதுவும் ஒரு காரணம் எனத் தெரியவந்தது. 1961 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்கப்பட்ட கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் விற்கப்பட்ட கார்களிலும் ‘பிசிவி வால்வு’ வந்தது. புளோ-பை வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே இழுத்து எரித்துவிடுவதுதான் இதன் வேலை.

டர்போவில் மட்டும் ஏன் சிக்கல்?

சாதாரண பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் இன்டேக் மேனிஃபோல்டில் பெரும்பாலும் உறிஞ்சும் விசை இருக்கும். பிசிவி வால்வு வழியாக வாயு தானாக இழுபட்டுப் போய்விடும்.

டர்போவில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி பூஸ்ட் ஏறியதும் நிலைமை தலைகீழ். அதே மேனிஃபோல்டில் இப்போது காற்று அழுத்தம். அது கிராங்க்கேஸுக்குள் திரும்பி வராமல் இருக்க, ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். அதனால் வாயு இரண்டாவது ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குப் போகிறது. அங்கிருந்து டர்போ, இன்டர்கூலர் எனச் சுற்றித்தான் சிலிண்டருக்கு வரும். பூஸ்டில் சிலிண்டர் அழுத்தமும் அதிகம் என்பதால் புளோ-பையும் அதிகம். இன்டர்கூலர் பைப்பில் லேசான ஆயில் படலம் இருப்பது இதனால்தான். அதை வைத்து மட்டும் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது.

நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களுக்குக் கூடுதல் தலைவலி

பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறம் பீய்ச்சப்படும். அதுவே வால்வைக் கழுவிவிடும். ஹூண்டாய், கியாவின் டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ போன்ற எஞ்சின்களில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் போகிறது. வால்வைக் கழுவ ஆளில்லை. ஆயில் ஆவி அதன் மேல் படிந்து, சூட்டில் கருகி, கரியாக இறுகும். நாளடைவில் ஐடிலிங்கில் நடுக்கம், பிக்கப் குறைவு என அறிகுறி தெரியும். வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்து இதைச் சுத்தம் செய்வார்கள்.

கேட்ச் கேன் செய்வது என்ன?

அந்த ஹோஸின் நடுவே மாட்டப்படும் டப்பாதான் கேட்ச் கேன். உள்ளே தடுப்புத் தகடு அல்லது கம்பி வலை இருக்கும். வாயு வேகம் குறைந்து, குளிர்ந்து, தகட்டில் மோதும்போது ஆயிலும் தண்ணீரும் துளியாகி அடியில் தேங்கும். மீதி வாயு வழக்கம்போல எஞ்சினுக்குப் போகும். உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் டப்பா என்றால், பாதி ஆயில் பிடிபடாமலே கடந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. புளோ-பை உருவாவதை இது குறைக்காது. வெளியே வருவதைப் பிடிக்கும், அவ்வளவுதான். ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு இது மருந்தல்ல. ஏற்கெனவே படிந்த கரியையும் இது நீக்காது. கம்பெனி கார்களிலேயே ஆயிலைப் பிரிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும் என்பதையும் கவனிக்கணும்.

வெளியே திறந்துவிடலாமா?

சிலர் கேனின் மேல் சின்ன ஃபில்டர் மாட்டி, வாயுவை வெளியே விட்டுவிடுகிறார்கள். இது ரேஸ் டிராக் பழக்கம். கிராங்க்கேஸ் வாயு திறந்தவெளிக்கு விடப்படும் ரேஸ் கார்களில், டிராக்கில் ஆயில் சிந்தக் கூடாது என்பதற்காக கேட்ச் டேங்க் கட்டாயம் என்கிறது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ. 2,000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளளவு இருக்கணும்.

ரோட்டில் ஓடும் காருக்கு இது பொருந்தாது. கிராங்க்கேஸ் வாயு வெளியே வரவே கூடாது என்பது பிஎஸ்-6 ஒப்புதல் சோதனையில் ஒரு நிபந்தனை. சைலன்சரில் மட்டும் எடுக்கும் புகைப் பரிசோதனையில் இது சிக்காமல் போகலாம். ஆனாலும் விதிமீறல்தான். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, மாசு விதியை மீறினால் முதல் முறையே ரூ.10,000 வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். தவிர, ஏசி வழியாக காருக்குள்ளும் அந்த வாடை வரும்.

மாட்டினால் கவனிக்க வேண்டியவை

* முதலில் பிசிவி வால்வையும் ஹோஸ்களையும் சோதிக்கணும். பல நேரங்களில் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும்.
* பூஸ்டில் வாயு எந்த ஹோஸ் வழியாகப் போகிறது என்று பார்த்து, அதில் மாட்டணும். இரண்டு வழியையும் ஒன்றாக இணைத்துவிட்டு ஒருவழி வால்வை விட்டுவிட்டால், பூஸ்ட் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் பாயும்.
* ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளாத ஹோஸ் வேண்டும். மடிந்து அடைத்துக்கொண்டால் சீல் கசிவு நிச்சயம்.
* கேனை எக்ஸாஸ்ட் பக்கம் வைக்கக் கூடாது. சூட்டில் ஆவி துளியாகாது, ஆயில் சிந்தினால் தீ அபாயம்.
* நிரம்பும் வரை விடக் கூடாது. நிரம்பிய கேனிலிருந்து மொத்த ஆயிலும் ஒரே மடக்காக எஞ்சினுக்குள் போகலாம். டீசல் டர்போவில் இது இன்னும் ஆபத்து. சாவியை அணைத்தாலும் அந்த ஆயிலையே எரித்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.
* கேனில் பால் காபி நிறத்தில் திரவம் இருந்தால் அது தண்ணீர் கலந்த ஆயில். எஞ்சின் முழுசாகச் சூடாகாத குறுகிய தூர ஓட்டத்தில் இது சகஜம். மீண்டும் எஞ்சினில் ஊற்றக் கூடாது. சாக்கடையிலும் கொட்டாமல் பழைய ஆயிலோடு சேர்த்து ஒர்க் ஷாப்பில் கொடுக்கணும்.

அப்போ யாருக்குத் தேவை?

பூஸ்டை ஏற்றி டியூன் செய்த கார், டிராக்கில் ஓட்டுபவர்கள், நேரடி இன்ஜெக்‌ஷன் காரை நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்கள் ஆகியோருக்குப் பலன் உண்டு. அதுவும் அடிக்கடி பானெட்டைத் திறந்து காலி செய்யும் பொறுமை இருந்தால்தான். வாரண்டி உள்ள, தினசரி ஆபீஸ் போய் வரும் காருக்குச் சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே பெரும்பாலும் போதும். வெளியிலிருந்து மாட்டிய கேனால் கோளாறு வந்தால், அந்தப் பழுதுக்கு வாரண்டி மறுக்கப்படலாம்.

கேன் திடீரென்று முன்பைவிட வேகமாக நிரம்பினால் பெரிய கேன் வாங்க ஓட வேண்டாம். ரிங் தேய்மானமா, பிசிவி அடைப்பா என்று மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.